கரண்ட் போய் வந்தாலும் சர்வீஸ் தானாக எழ வேண்டும்: சிஸ்டம்டிக்கு மாறுகிற புதியவர்களுக்கு

காலை 7 மணிக்குப் பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலிருந்து போன். மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிற அண்ணன். “தம்பி, ராத்திரி கரண்ட் போயிட்டு வந்துச்சு. மெஷின் ஓடுது, பச்சை லைட்டும் எரியுது. ஆனா பில் போட முடியல. லாரி வந்து நிக்குது.”

பாயான் லெப்பாஸிலிருந்து காலை நெரிசலில் நான் போய்ச் சேர்ந்தபோது, கல்லாவில் கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார்கள். சர்வர் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு கட்டளை தட்டினேன். சில நொடிகளில் பில் வந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். ஒரு மாதத்துக்கு முன் அந்தக் கடையின் பழைய சென்ட்ஓஎஸ் 6 லினக்ஸ் சர்வரை, சிஸ்டம்டி என்கிற புரோகிராம் சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் புரோகிராம்களை) எழுப்பி நிர்வகிக்கிற அல்மாலினக்ஸ் 9-க்கு மாற்றிக் கொடுத்தது நான். பில்லிங் புரோகிராமை ஸ்டார்ட் செய்தேன், ஒரு பில் அடித்துப் பார்த்தேன், வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த முறை மெஷின் எழும்போது அதையும் எழுப்பு என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து இந்த வேலைக்கு ஒரே அளவுகோல் வைத்திருக்கிறேன். பக்கத்தில் யாரும் இல்லாதபோது மெஷின் அணைந்து எழுந்தால், எல்லாச் சர்வீஸும் தானாக எழ வேண்டும். அதைக் கண்ணால் பார்க்கும்வரை மாற்றம் முடிந்ததாகக் கணக்கில்லை. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கான வழி.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். யூனிட் கோப்புக்குள் (ஒரு சர்வீஸை எப்படி எழுப்புவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் கோப்பு) வரும் அமைப்புப் பெயர்களில் மட்டும் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். அங்கே சிறிய எழுத்துப் போட்டால் அந்த வரியைச் சிஸ்டம்டி கண்டுகொள்ளாது. வேறு விதிவிலக்குகளை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் எண் 1 யார் என்று பாருங்கள்

லினக்ஸ் கெர்னல் எழுந்ததும் முதலில் ஓடவிடும் புரோகிராம்தான் இனிட். அதன் செயல் எண் எப்போதும் 1. மற்ற எல்லாவற்றையும் எழுப்புவது அதன் வேலை. “பிஎஸ் -பி 1” என்று கேட்டால் பெயர் வரும். சிஸ்டம்டி என்று வந்தால் விஷயம் தெளிவு. இனிட் என்று வந்தால் பழைய சிஸ்வி இனிட்டாகவும் இருக்கலாம், அப்ஸ்டார்ட்டாகவும் இருக்கலாம்.

கொஞ்சம் வரலாறு தெரிந்திருந்தால் பழைய மெஷினில் எதைப் பார்க்கிறோம் என்பது புரியும். சிஸ்வி இனிட் என்பது 1983-இல் ஏடி அண்ட் டி வெளியிட்ட யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் வழியாக வந்த முறை. ஷெல் ஸ்கிரிப்டுகளை எண் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடும். உபுந்து 2006-இல் தன் 6.10 பதிப்பில் அப்ஸ்டார்ட்டைக் கொண்டு வந்தது. ரெட்ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 6-உம் அதையே எடுத்துக்கொண்டது. ஆனால் அங்கே எண் 1 மட்டும்தான் அப்ஸ்டார்ட், சர்வீஸ்கள் பெரும்பாலும் பழைய ஸ்கிரிப்டுகளாகவே இருந்தன. சென்ட்ஓஎஸ் 6-உம் அப்படியே. லென்னார்ட் பொட்டரிங்கும் கே சீவர்ஸும் தொடங்கிய சிஸ்டம்டி 2010-இல் வந்தது. 2011-இல் ஃபெடோரா 15, 2014-இல் ரெட்ஹாட் 7, 2015-இல் டெபியன் 8, அதே ஆண்டு உபுந்து 15.04 என்று வரிசையாக எல்லாம் மாறின. இந்த மாற்றத்தைப் பற்றி டெபியனில் பெரிய சண்டையே நடந்து, அதிலிருந்து டெவுவான் என்ற கிளை பிரிந்தது. ஆல்பைனும் ஸ்லாக்வேரும் இன்றைக்கும் சிஸ்டம்டி இல்லாமல்தான் ஓடுகின்றன. அவற்றில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கட்டுரையின் கணக்கெடுப்புப் பகுதி மட்டும் உதவும்.

சென்ட்ஓஎஸ் 6-க்கான பராமரிப்பு 2020 நவம்பர் 30-உடன் நின்றது, 7-க்கு 2024 ஜூன் 30-உடன். கடைகளிலும் சின்ன ஆலைகளிலும் இவை இன்னும் மூலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு தாமதமாகவும் இந்தப் பேச்சு தேவைப்படுகிறது.

கணக்கெடுப்பு

புது மெஷினைத் தொடுவதற்கு முன் பழைய மெஷினில் என்னென்ன எழுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கணினியில் வேண்டாம், தாளில் எழுதுங்கள். மாற்றம் நடக்கும்போது அந்தக் கணினியே அணைந்திருக்கும்.

ரெட்ஹாட் குடும்பத்தில் “செக்கான்ஃபிக் --லிஸ்ட்” என்றால் ஒவ்வொரு சர்வீஸும் எந்த ரன்லெவலில் (மெஷின் எழும் நிலையைக் குறிக்கும் எண்) ஆன், எதில் ஆஃப் என்று வரும். திரை இல்லாத சர்வர்களுக்கு 3 என்ற எண்ணையும், திரையோடு வருபவற்றுக்கு 5 என்ற எண்ணையும் பார்த்தால் போதும். டெபியன் குடும்பத்தில் “/ஈடிசி/ஆர்சி2.டி” ஃபோல்டரைத் திறங்கள். எஸ் என்ற எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் முன்னால் ஒட்டிய இணைப்புகள் இருக்கும். எஸ் என்றால் எழுப்பு, கே என்றால் நிறுத்து, எண் என்பது வரிசை. அப்ஸ்டார்ட் உள்ள மெஷினில் “இனிட்சிடிஎல் லிஸ்ட்” என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு நிறுத்தினால் பாதிதான். சொல்லாமல் ஒளிந்திருப்பவை வேறு இடங்களில் இருக்கும். “/ஈடிசி/ஆர்சி.லோக்கல்” கோப்பில் யாரோ 5 வருஷத்துக்கு முன் ஒரு வரி சேர்த்திருப்பார்கள். ஒவ்வொரு பயனரின் கிரான்டாபிலும் (குறித்த நேரத்தில் ஓட வேண்டியவற்றின் பட்டியல்) “@ரீபூட்” என்று தொடங்கும் வரி இருக்கலாம். சில புரோகிராம்கள் எங்கேயும் எழுதப்படாமல், ஒருவர் ஸ்கிரீன் என்ற புரோகிராமுக்குள் கையால் ஓடவிட்டுப் போனவையாக இருக்கும். அந்த மெஷினை யாரும் அணைக்காததால் மட்டுமே அவை உயிரோடு இருக்கின்றன.

அவற்றைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. “நெட்ஸ்டாட் -டிஎல்என்பி” என்று தட்டினால் எந்தப் போர்ட்டில் எந்தப் புரோகிராம் காத்திருக்கிறது என்று வரும். ஒவ்வொரு போர்ட்டையும் எடுத்து, “உன்னை எழுப்பியது யார்?” என்று கேளுங்கள். தாளில் பதில் இல்லாத போர்ட் ஒன்று இருந்தாலும் கணக்கெடுப்பு முடியவில்லை. அந்த மளிகைக் கடையில் 9100-ஆம் போர்ட்டில் ஒரு சின்னப் புரோகிராம் நின்றது. தராசிலிருந்து எடையைப் படித்துப் பில்லிங்குக்கு அனுப்பும் ஸ்கிரிப்டு. அதை வைத்தவர் யார் என்று கடையில் யாருக்கும் நினைவில்லை.

தாளில் மூன்று பத்தி போதும்: பெயர், போர்ட், யார் எழுப்புகிறார். அப்புறம் புது மெஷினில் அதற்கு என்ன பெயர் என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெயர்கள் மாறியிருக்கும். பழையதில் நேரத்தைச் சரிசெய்த என்டிபிடி போய், புதியதில் குரோனிடி நிற்கிறது. ஐபிடேபிள்ஸ் சர்வீஸ் இருந்த இடத்தில் ஃபயர்வால்டி இருக்கும்.

ஸ்கிரிப்டை அப்படியே தூக்கிப்போடலாமா?

போடலாம், கொஞ்ச நாளைக்கு ஓடும். “/ஈடிசி/இனிட்.டி”யில் இருக்கும் பழைய ஸ்கிரிப்டுகளைச் சிஸ்டம்டி எழும்போது படித்து, தானே தற்காலிக யூனிட் செய்துகொள்ளும். ஆனால் 2023-இல் வந்த சிஸ்டம்டி 254-ஆம் பதிப்பிலேயே இந்த வசதி கைவிடப்படப் போகிறது என்று அறிவித்துவிட்டார்கள். எடுபடப் போகிற பாலத்தின் மேல் வீடு கட்ட வேண்டாம். மேலும், 120 வரி ஷெல் ஸ்கிரிப்டு செய்த வேலையைப் பெரும்பாலும் 15 வரி யூனிட் கோப்பு செய்துவிடும். பிஐடி கோப்பு (செயல் எண்ணைக் குறித்துவைக்கும் கோப்பு) எழுதுவது, ஏற்கெனவே ஓடுகிறதா என்று பார்ப்பது, பின்னணிக்கு அனுப்புவது, செத்துப்போனால் திரும்ப எழுப்புவது எல்லாம் இனிச் சிஸ்டம்டியின் பொறுப்பு.

நீங்கள் எழுதும் யூனிட் கோப்பு “/ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்” ஃபோல்டரில் இருக்க வேண்டும். தொகுப்புகளோடு வரும் யூனிட்டுகள் “/யுஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்” ஃபோல்டரில் இருக்கும். அங்கே கை வைக்காதீர்கள், அடுத்த அப்டேட் உங்கள் மாற்றத்தை அழித்துவிடும். தொகுப்போடு வந்ததில் ஒரு வரி மட்டும் மாற்ற வேண்டுமானால் “சிஸ்டம்சிடிஎல் எடிட்” என்று சொல்லிப் பெயரைக் கொடுங்கள். உங்கள் வரிகளைத் தனிக் கோப்பில் வைத்து, மேலே அடுக்கிக்கொள்ளும்.

மளிகைக் கடையின் பில்லிங், மரியாடிபி தரவுத்தளத்தை நம்பி ஓடும் ஒரு ஜாவா புரோகிராம். அதன் பில்லிங்.சர்வீஸ் கோப்பு இப்போது இப்படி இருக்கிறது. ஒவ்வொரு பகுதியின் தலைப்பையும் கோப்பில் சதுர அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். டார்கெட் என்று வருவது, பல யூனிட்டுகளைச் சேர்த்துக் குறிக்கும் பெயர்.

யூனிட் பகுதியில்:
டிஸ்கிரிப்ஷன்=பில்லிங் சர்வர்
வான்ட்ஸ்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் மரியாடிபி.சர்வீஸ்
ஆஃப்டர்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் மரியாடிபி.சர்வீஸ்

சர்வீஸ் பகுதியில்:
டைப்=சிம்பிள்
யூசர்=பில்லிங்
வொர்க்கிங்டைரக்டரி=/ஓபிடி/பில்லிங்
என்விரான்மென்ட்=லாங்=சி.யூடிஎஃப்-8
ரன்டைம்டைரக்டரி=பில்லிங்
எக்ஸெக்ஸ்டார்ட்=/யுஎஸ்ஆர்/பின்/ஜாவா -ஜார் பில்லிங்.ஜார்
சக்சஸ்எக்ஸிட்ஸ்டேட்டஸ்=143
ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெய்லியர்
ரீஸ்டார்ட்செக்=5

இன்ஸ்டால் பகுதியில்:
வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்

டைப் என்ற வரியில்தான் புதியவர்கள் அதிகம் இடறுகிறார்கள். புரோகிராம் முன்னால் நின்றபடியே ஓடுமானால் சிம்பிள். தன்னைத் தானே பின்னணிக்கு அனுப்பிவிட்டு முதல் செயல் விலகிக்கொள்ளுமானால் ஃபோர்க்கிங். மாற்றிப் போட்டால் அறிகுறி தெளிவாகத் தெரியும். பின்னணிக்குப் போகிற புரோகிராமுக்குச் சிம்பிள் என்று எழுதினால், ஸ்டார்ட் ஆனதாகச் சொல்லும், அடுத்த நொடி செத்துக் கிடக்கும். முதல் செயல் போனதும் வேலை முடிந்தது என்று நினைத்துச் சிஸ்டம்டி மிச்சம் இருப்பவற்றையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது. முன்னால் நின்று ஓடுகிற புரோகிராமுக்கு ஃபோர்க்கிங் என்று எழுதினால், ஸ்டார்ட் கட்டளை 90 வினாடி தொங்கிக்கொண்டே நின்று, நேரம் கடந்துவிட்டது என்று தோற்கும். புரோகிராமுக்கு முன்னால் நின்று ஓடும் வழி இருந்தால் அதையே எடுங்கள்.

எக்ஸெக்ஸ்டார்ட் வரி ஷெல் வழியாக ஓடுவதில்லை. குழாய்க் குறி, பெரிது-சிறிது குறி போட்டு லாக் கோப்புக்குத் திருப்புவது, கடைசியில் அண்ட் குறி போடுவது எதுவும் அங்கே செல்லாது. புரோகிராமுக்கு முழுப் பாதையை எழுதுங்கள். அது திரையில் எழுதுவதெல்லாம் தானாகச் சிஸ்டம்டியின் லாக்கான ஜர்னலில் போய்ச் சேரும்.

143 என்ற எண் ஜாவாவுக்காக. ஒழுங்காக நிறுத்தினாலும் ஜாவா 143 என்ற எண்ணோடுதான் வெளியேறும். அந்த வரி இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் தோல்வி என்று சிவப்பில் காட்டும்.

என்விரான்மென்ட் வரியில் முதல் சமக்குறிக்குப் பிறகு வருவதெல்லாம் பெரிய எழுத்து. அந்த வரிக்கு ஒரு கதை இருக்கிறது. மாற்றிய முதல் நாள் பில் அடித்தபோது, “மஞ்சள் தூள்” என்று வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக வந்தன. விலை சரி, எடை சரி, பெயர் மட்டும் கேள்விக்குறி. அரிசி, பருப்பு, சீரகம் எல்லாம் அப்படியே. அண்ணன் அந்தப் பில்லைக் கையில் வைத்து என்னைப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. கடைக்கு வருபவர்களில் பலர் தமிழில் படித்துத்தான் சாமான் சரிபார்ப்பவர்கள். காரணம் இதுதான்: ஜாவா 18-க்கு முந்தைய பதிப்புகள், மெஷினின் மொழி அமைப்பைப் பார்த்துத்தான் எழுத்துக் குறிமுறையைத் தீர்மானிக்கும். பழைய சர்வரில் யாரோ ரூட் பயனரின் பேஷ்ஆர்சி கோப்பில் (ஷெல் திறக்கும்போது படிக்கும் கோப்பு) அதை எழுதி வைத்திருந்தார்கள். சர்வீஸைக் கையால் எழுப்பும்போதெல்லாம் அது ஒட்டிக்கொண்டு வந்தது. சிஸ்டம்டி எழுப்பும் சர்வீஸ் பேஷ்ஆர்சியையும் படிக்காது, ப்ரொஃபைல் கோப்பையும் படிக்காது. சுத்தமான, கிட்டத்தட்ட வெறுமையான சூழலில்தான் எழும். உங்கள் டெர்மினலில் ஓடுகிற புரோகிராம் சர்வீஸாக ஓடவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். தேவையானதை யூனிட்டிலேயே எழுதுங்கள். இது நல்ல குணம் என்றே நான் நினைக்கிறேன், ஏனென்றால் யார் எழுப்பினாலும் எப்போது எழுப்பினாலும் ஒரே மாதிரி ஓடும்.

வரிசை வேறு, தேவை வேறு

யூனிட்டில் வான்ட்ஸ், ஆஃப்டர் என்று ஒரே பெயர்களை இரண்டு முறை எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் வேண்டும்.

பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். “ஐஸ் வந்த பிறகு மோர் கலக்கு” என்று ஒரு பையனிடம் சொல்கிறீர்கள். அது வரிசை. ஐஸுக்கு யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை என்றால்? பையன் வரப்போகிற ஐஸுக்காகக் காத்திருக்க மாட்டான். இன்றைக்கு ஐஸ் லாரியே பட்டியலில் இல்லை என்று தெரிந்ததும் வெதுவெதுப்பாகவே கலக்கிவிடுவான். ஆஃப்டர் வரி மட்டும் எழுதினால் நடப்பது அதுதான். மரியாடிபி எழுவதாக இருந்தால் அதற்குப் பிறகு எழு என்று மட்டும் பொருள். அதை எழுப்பு என்று சொல்வது வான்ட்ஸ்.

மறுபக்கமும் இருக்கிறது. “ஐஸ் வேண்டும், மோரும் வேண்டும்” என்று மட்டும் சொல்லி வரிசையைச் சொல்லாவிட்டால், ஒருவர் ஐஸ் வாங்கப் போகும்போதே இன்னொருவர் மோரைக் கலக்கத் தொடங்கிவிடுவார். சிஸ்டம்டி முடிந்தவரை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எழுப்பும். பழைய முறையில் 64-ஆம் எண் முடிந்துதான் 80-ஆம் எண் தொடங்கும் என்பதால், யாரும் எழுதாமலே வரிசை அமைந்திருந்தது. புதியதில் எழுதாத வரிசை கிடையாது. சில நாள் சரியாக எழுந்து சில நாள் எழாத சர்வீஸைப் பார்த்தால், இந்த இடத்தில்தான் ஓட்டை இருக்கும்.

ரிக்வயர்ஸ் என்று இன்னும் கடுமையான சொல் இருக்கிறது. மரியாடிபியை நீங்கள் நிறுத்தினால் பில்லிங்கும் சேர்ந்து நின்றுவிடும். கடைக்கு அவ்வளவு கடுமை தேவையில்லை என்று வான்ட்ஸோடு நிறுத்தினேன். பில்லிங் தோற்றால் 5 நொடி கழித்து மறுபடி முயலும்.

நெட்வொர்க் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நெட்வொர்க்.டார்கெட் என்றால் நெட்வொர்க் வேலை தொடங்கிவிட்டது என்றுதான் பொருள், ஐபி முகவரி கிடைத்துவிட்டது என்றல்ல. முகவரி கையில் வந்த பிறகுதான் எழ வேண்டும் என்றால் ஆன்லைன் என்று முடியும் டார்கெட்டைப் போடுங்கள்.

ஒரு வரி இன்றைக்கு, ஒரு வரி நாளைக்கு

கோப்பை எழுதி முடித்ததும் “சிஸ்டம்டி-அனலைஸ் வெரிஃபை” என்று கோப்பின் பாதையைக் கொடுத்தால் எழுத்துப்பிழைகளைச் சொல்லும். பிறகு “சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்”. கோப்பைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் பழைய கோப்பையே மனதில் வைத்திருக்கும்.

இப்போது “சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பில்லிங்” என்று தட்டி, வருவதை நிதானமாகப் படியுங்கள். லோடட் என்று ஒரு வரி, ஆக்டிவ் என்று ஒரு வரி. ஆக்டிவ் வரி இன்றைய கதை: இப்போது ஓடுகிறதா, எத்தனை மணியிலிருந்து ஓடுகிறது. லோடட் வரியில் கோப்பின் பாதைக்குப் பக்கத்தில் எனேபிள்ட் அல்லது டிஸேபிள்ட் என்று ஒரு சொல் இருக்கும். அது நாளைய கதை: மெஷின் மறுபடி எழும்போது இதுவும் எழுமா. அந்தக் கடையில் ஒரு மாதம் முழுக்க ஆக்டிவ் வரி பச்சையாக இருந்தது. லோடட் வரியில் டிஸேபிள்ட் என்று இருந்ததை நான் படிக்கவே இல்லை.

“சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட்” இன்றைக்கு மட்டும். “சிஸ்டம்சிடிஎல் எனேபிள்” நாளைக்கு மட்டும். “சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ்” இரண்டையும் சேர்த்துச் செய்யும். கை பழகும்வரை மூன்றாவதையே பயன்படுத்துங்கள்.

எனேபிள் செய்யும்போது நடப்பதில் மாயம் ஏதும் இல்லை. மல்டி-யூசர்.டார்கெட்.வான்ட்ஸ் என்ற ஃபோல்டரில் உங்கள் கோப்புக்கு ஓர் இணைப்பு உருவாகும், அவ்வளவுதான். பழைய எஸ்80 இணைப்பின் பேரப்பிள்ளை அது. எந்த ஃபோல்டரில் இணைப்பு வைப்பது என்பதை இன்ஸ்டால் பகுதியில் உள்ள வான்டட்பை வரி சொல்கிறது. அந்தப் பகுதியை மறந்துவிட்டால் எனேபிள் கட்டளைக்கு எங்கே இணைப்பது என்றே தெரியாது.

வேண்டாத சர்வீஸை எழவிடாமல் தடுக்க டிஸேபிள் போதாத நேரமும் உண்டு, வேறொரு சர்வீஸ் அதைக் கூப்பிட்டு எழுப்பிவிடும். அப்போது “சிஸ்டம்சிடிஎல் மாஸ்க்”. யார் கூப்பிட்டாலும் எழாது. மாற்றத்தின்போது பழைய பெயரிலும் புதுப் பெயரிலும் ஒரே வேலைக்கு இரண்டு சர்வீஸ் இருந்தால், ஒன்றை மாஸ்க் செய்வது நல்லது.

ரீபூட்டுக்குப் பிறகுதான் தெரிகிற கோளாறுகள்

நீங்கள் பக்கத்தில் இருக்கும்வரை நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, ரீபூட் ஆனதும் காலை வாரிவிடுகிற விஷயங்கள் சில இருக்கின்றன.

ரன் ஃபோல்டர் அதில் முதலாவது. பழைய மெஷினில் “/வார்/ரன்” என்பது டிஸ்கில் இருந்த சாதாரண ஃபோல்டர். புதியதில் அது நினைவகத்தில் இருக்கும் “/ரன்” ஃபோல்டருக்கு இணைப்பு மட்டுமே, அணைத்தால் காலி. நீங்கள் கையால் உருவாக்கிய பில்லிங் ஃபோல்டர் அடுத்த நாள் இருக்காது, புரோகிராமும் எழாது. ரன்டைம்டைரக்டரி வரி ஒவ்வொரு முறையும் சரியான உரிமையோடு அதை உருவாக்கித் தரும்.

அடுத்தது எஃப்எஸ்டாப், அதாவது மெஷின் எழும்போது இணைக்க வேண்டிய டிஸ்குகளின் பட்டியல். பேக்கப் எடுக்கும் யுஎஸ்பி டிஸ்கை அதில் எழுதி வைத்திருப்பீர்கள். யாரோ அந்த டிஸ்கைக் கழற்றிக்கொண்டு போன இரவில் மெஷின் ரீபூட் ஆனால், கறுப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரம் இடமும் வலமும் ஓடிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் நொடிகள் ஏறும். 1 நிமிடம் 30 நொடி முடிந்ததும் அவசர நிலைக்குப் போய் ரூட் கடவுச்சொல் கேட்டு நின்றுவிடும். நெட்வொர்க்கும் இருக்காது, வீட்டிலிருந்து உள்ளே போகவும் முடியாது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிற ஒவ்வொரு டிஸ்குக்கும் நோஃபெய்ல் என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள். இந்த ஒரு சொல் எத்தனையோ நள்ளிரவுப் பயணங்களை மிச்சப்படுத்தும்.

ஆர்சி.லோக்கல் கோப்பை அப்படியே கொண்டு வந்திருந்தால் அதற்கு இயக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி இல்லாவிட்டால் தோல்வி என்று காட்டாமலே அதைத் தாண்டிப் போய்விடும். லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் எழுதிய வரம்புகளும் சர்வீஸ்களுக்குப் பொருந்தாது. திறந்த கோப்புகளின் எண்ணிக்கையை உயர்த்த வேண்டுமானால் யூனிட்டில் லிமிட்நோஃபைல் வரி எழுதுங்கள் (இதில் நோஃபைல் என்பது முழுவதும் பெரிய எழுத்து).

எழவில்லை என்றால்

“சிஸ்டம்சிடிஎல் --ஃபெய்ல்ட்” தோற்றவர்களின் பட்டியலைத் தரும். “ஜர்னல்சிடிஎல் -யு பில்லிங் -பி” (கடைசியில் வருவது பூட் என்பதன் முதல் எழுத்து) மெஷின் இந்த முறை எழுந்ததிலிருந்து அந்தச் சர்வீஸ் சொன்னதையெல்லாம் காட்டும். அதில் ஸ்டேட்டஸ் என்று ஓர் எண் வரும், அதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். 203 என்றால் புரோகிராமை ஓடவிடவே முடியவில்லை: பாதை தப்பு, இயக்கும் அனுமதி இல்லை, அல்லது எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்புக் காவல் தடுக்கிறது. வீட்டு ஃபோல்டரிலிருந்து ஓபிடிக்கு நகர்த்திய கோப்புகளுக்கு எஸ்இலினக்ஸ் சிக்கல் அடிக்கடி வரும். “ரெஸ்டோர்கான் -ஆர்” என்று ஃபோல்டர் பாதையோடு கொடுத்தால் பெரும்பாலும் தீரும். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 217 என்றால் யூசர் வரியில் எழுதிய பயனர் மெஷினில் இல்லை. 200 என்றால் வொர்க்கிங்டைரக்டரி இல்லை.

10 நொடிக்குள் 5 முறை எழுந்து விழுந்தால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். கோளாறைச் சரிசெய்த பிறகு “சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெய்ல்ட்” சொல்லிவிட்டு எழுப்புங்கள்.

ஜர்னல் ரீபூட்டைத் தாண்டி நிற்க வேண்டுமானால் “/வார்/லாக்/ஜர்னல்” என்ற ஃபோல்டர் இருக்க வேண்டும். ரெட்ஹாட் குடும்பத்தில் பெரும்பாலும் அதை நாமே உருவாக்க வேண்டும். உருவாக்கிவிட்டு “ஜர்னல்சிடிஎல் --ஃப்ளஷ்” சொல்லுங்கள். அப்புறம் “-பி -1” என்று கேட்டால் முந்தைய முறை என்ன நடந்தது என்று படிக்கலாம். நேர மண்டலத்தையும் “டைம்டேட்சிடிஎல்” கொண்டு ஏஷியா/கோலா_லம்பூர் என்று வைத்துவிடுங்கள் (மூன்று சொல்லுக்கும் முதல் எழுத்து பெரியது, நடுவில் அடிக்கோடு). உலக நேரத்தில் விட்டால் லாக்கில் எல்லாம் 8 மணி நேரம் பின்னால் இருக்கும், இரவு கரண்ட் போனதை மாலையில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ரீபூட் இரவு

கடை மூடிய பிறகு ஓர் இரவை இதற்கென்றே ஒதுக்குங்கள். முதலாளியையும் இருக்கச் சொல்லுங்கள். பழைய சர்வர் பக்கத்திலேயே, நெட்வொர்க் வயர் மட்டும் கழற்றிய நிலையில் இருக்கட்டும்.

ரீபூட் கொடுங்கள். கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். உள்ளே நுழைந்து எதையும் சரிபார்க்க வேண்டாம். நீங்கள் நுழைவதே சில சர்வீஸ்களை எழுப்பிவிடும், சோதனை கெட்டுவிடும். 5 நிமிடம் கழித்துக் கல்லாவில் இருக்கும் கணினியிலிருந்து ஒரு பில் அடிக்கச் சொல்லுங்கள், தராசில் ஏதாவது ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு உள்ளே போய்த் தோற்றவர்களின் பட்டியலைப் பாருங்கள். “எஸ்எஸ் -டிஎல்என்பி” போட்டு வரும் போர்ட்டுகளைத் தாளில் இருப்பதோடு ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள். பேக்கப் டிஸ்கைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை ரீபூட் செய்யுங்கள். நெட்வொர்க் வயரைப் பிடுங்கி வைத்து மூன்றாவது முறை, எழுந்து 3 நிமிடம் கழித்து வயரைச் செருகுங்கள். கரண்ட் போய் வரும்போது ரவுட்டர் சர்வரை விடத் தாமதமாக எழும், உண்மையில் நடப்பது இதுதான்.

அந்த மளிகைக் கடையில் இரண்டாவது முறையாக இந்த வேலையைச் செய்தபோது மூன்று ரீபூட்டுக்கும் அண்ணன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கடைசி முறை பிரிண்டர் தானாகச் சத்தம் போட்டதும் பில்லைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். “மஞ்சள் தூள், 1 கிலோ. சரி தம்பி, தமிழ்ல வந்திருக்கு.” மாதக் கணக்கு முடியும்வரை பழைய சர்வரை அங்கேயே வைத்திருந்து, அதன் பிறகு கொண்டு போனோம். சர்வீஸ் பெயர்கள் எழுதிய தாள் புதுச் சர்வரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறது. தராசு ஸ்கிரிப்டுக்கு நேராக, அதை எழுதியவரின் பெயருக்கு விட்ட இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.